பஸ்ஸில்தானே போகிறோம் என்பவர்களுக்கு: அரிக்காவில் இறங்கும் முன்

சிலியின் வடகோடித் துறைமுகமான அரிக்காவில் எங்கள் சுற்றுலாக் கப்பல் நிற்கிற அன்று மாலை, கப்பல் டாக்டரான என் மருத்துவ அறை வாசலில் ஒரு வரிசை நிற்கும். தலைவலி, குமட்டல், மூச்சு வாங்கல். விசாரித்தால் எல்லாரும் காலையில் மலை உச்சியை ஒட்டிய உயரத்தில் இருக்கும் சுங்காரா ஏரி பார்க்கப் போனவர்கள். தலைவலிக்காரர்களைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. கீழே வந்துவிட்டார்கள், தூங்கி எழுந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். போன சீசனில் வந்த ஒரு பெரியவர்தான் என்னை எழுத உட்கார வைத்தார். எழுபதைத் தாண்டியவர், ஸ்டென்ட் வைத்து ஓராண்டுகூட ஆகவில்லை. ஏரிக்கரையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட, வழிகாட்டி ஆக்சிஜன் கொடுத்தபடியே கீழே கொண்டு வந்து சேர்த்தார். பிழைத்துக்கொண்டார். ஆனால் சுற்றுலாப் படிவத்தில் இதய நோய் உண்டா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதியிருந்தார். ஏன் ஐயா என்றால், “அதான் ஸ்டென்ட் வெச்சு சரி பண்ணிட்டாங்களே டாக்டர்!”

சுங்காரா அழகான இடம்தான், மறுக்கவில்லை. எதிரே பனி மூடிய பாரினக்கோட்டா எரிமலை, கரையில் விக்குன்யா என்ற ஒட்டக இன விலங்குகள், தண்ணீரில் ஃபிளமிங்கோக்கள். ஆனால் அது 4,500 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. காலையில் கடல் மட்டத்தில் டிபன் சாப்பிட்டவர், அதே மதியம் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் 60 சதவீதத்துக்கும் குறைவான இடத்தில் நின்று செல்ஃபி எடுக்கிறார்.

இதைச் சொன்னால் வருகிற பதில்தான் என்னை எரிச்சலூட்டுவது: “நாங்க என்ன மலையா ஏறப் போறோம்? பஸ்லதானே போறோம்!” ஐயா, பஸ்ஸில் போவதுதான் பிரச்சினையே. நடந்து ஏறுகிறவன் நாள்கணக்கில் ஏறுகிறான், உடம்பு ஒவ்வொரு படியாகப் பழகிக்கொள்கிறது. 3,000 மீட்டருக்கு மேல் போகிறவர்கள், இரவு தங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலையேறிகள் வைத்திருக்கும் கணக்கு. நீங்கள் நான்கைந்து மணி நேரத்தில் 4,500 மீட்டர் போகிறீர்கள். குஷன் சீட்டில் சாய்ந்து போனாலும் ரத்தத்தில் ஆக்சிஜன் குறையத்தான் செய்யும். உழைப்பு குறைவு என்பது உண்மை, உயரம் குறைவு என்பது பொய். “தினமும் அஞ்சு கிலோமீட்டர் நடக்கிறேன்” என்பதும் இங்கே செல்லாது. நல்ல உடற்பயிற்சி இருந்தால் மலைநோய், அதாவது உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் தலைவலியும் குமட்டலும், வராது என்று ஒன்றும் இல்லை. “ஊட்டிக்கு எத்தனையோ தடவை போயிருக்கோம்” என்பவர்களுக்கு ஒன்றே ஒன்று: ஊட்டி சுமார் 2,240 மீட்டர்தான்.

சரி, யார் போகக் கூடாது? சமீபத்தில் மாரடைப்பு, ஸ்டென்ட், பைபாஸ் ஆனவர்கள், மாடி ஏறினாலே நெஞ்சு அடைக்கிறவர்கள், நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள், கடுமையான ரத்தசோகை உள்ளவர்கள், கர்ப்பிணிகள். உங்கள் ஊர் டாக்டர் உயரத்தைத் தெரிந்துகொண்டு சம்மதித்தால் ஒழிய போகாதீர்கள். ‘ஒரு டூர் போகலாமா’ என்று கேட்டால் அவரும் சரி என்றுதான் சொல்வார். 4,500 மீட்டர் என்று சொல்லிக் கேளுங்கள்.

போகிறவர்கள் மலைநோயைத் தடுக்கும் டயமாக்ஸ் மாத்திரை போடலாமா என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். முந்தைய நாளே தொடங்க வேண்டிய மாத்திரை அது, பஸ்ஸில் ஏறிய பிறகு பக்கத்து சீட்டுக்காரரிடம் வாங்கிப் போடுவதல்ல. சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். சிறுநீர் அடிக்கடி போகும், அதற்கும் தயாராக இருங்கள். வழியில் புத்ரே ஊரில், 3,500 மீட்டரில், வண்டி நிற்கும். அங்கேயே தலை சுற்றினால் மேலே போகாமல் வழிகாட்டியிடம் சொல்லுங்கள். வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள், பியர் வேண்டாம், தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம். மேலே ஓடாதீர்கள், பேரனைத் தூக்காதீர்கள். விரலில் ஆக்சிமீட்டர் மாட்டி 85 என்று பார்த்துப் பதறவும் வேண்டாம், அந்த உயரத்தில் அது சகஜம். நெஞ்சுவலி, தள்ளாட்டம், பேச்சுக் குழறல் என்றால்தான் பதற வேண்டும், உடனே இறங்க வேண்டும்.

இரண்டு பேராகத் தனி டாக்சி பிடித்துப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வண்டியில் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு ஏறுங்கள். கப்பல் புறப்படும் நேரத்துக்குத் திரும்ப வேண்டும் என்ற அவசரத்தில் புத்ரேயில் நிற்காமல் மேலே விரட்டும் ஓட்டுநர்களும் உண்டு. கப்பலில் என்னிடம் இருப்பது சில படுக்கைகளும் முதல் கட்ட சிகிச்சைக்கான கருவிகளும்தான், இதயக் குழாய் அடைப்பைப் பார்க்கும் ஆஞ்சியோ வசதி இல்லை. மறைத்த நோய்க்குக் காப்பீட்டு நிறுவனம் பணம் தராமல் போகலாம் என்பதையும் குடும்பத்தோடு உட்கார்ந்து யோசியுங்கள்.

போகாவிட்டால் நாள் வீண் என்று நினைக்காதீர்கள். ஊருக்குள், பாரிஸ் ஐஃபல் கோபுரத்துக்குப் பெயர் தந்த குஸ்தாவ் ஐஃபலின் பட்டறையில் செய்து கொண்டுவந்து பொருத்திய இரும்புத் தேவாலயம் இருக்கிறது. அசாப்பா பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்தில் எகிப்து மம்மிகளுக்கும் முந்தைய, இந்தக் கடற்கரையில் வாழ்ந்த சின்சோரோ மக்களின் மம்மிகள் இருக்கின்றன, 2021ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை. என்னைக் கேட்டால் ஏரியைவிட அவைதான் பார்க்க வேண்டியவை.

அப்புறம், கப்பலில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு. தலைசுற்றலுக்கு நல்லது என்று மலையில் கோக்கா இலைத் தேநீர் கொடுப்பார்கள். உயரத்தால் வரும் நோயை அது தடுக்கும் என்பதற்கு நல்ல சான்று இல்லை. ஆனால் கோக்கைன் எடுப்பதும் அதே இலையிலிருந்துதான் என்பதால், ஒரு கோப்பை குடித்தாலே சிறுநீர்ப் பரிசோதனையில் கோக்கைன் என்று காட்டக்கூடும். தேநீர்தான் குடித்தேன் என்று நீங்கள் சொல்வதை நான் நம்புவேன், கம்பெனி நம்பாது. தேநீர் பொட்டலத்தைப் பையில் போட்டுக்கொண்டு கப்பல் ஏறவும் வேண்டாம்.