நானூறு ஆண்டுக் கடதாசி நிலைக்க, எண்பது ஆண்டுக் கடதாசி நொறுங்குவது ஏன்?

மட்டக்களப்பில் கட்புலக் கலை பயிலும் வாசகி ஒருவர், வெளிநாட்டு ஓவிய அருங்காட்சியகம் ஒன்றின் ஆய்வு நூலகத்திடம் இரண்டு நூல்களின் சில பக்கங்களைப் படமெடுத்து அனுப்புமாறு கேட்டிருந்தார். ஒன்று, 1602இல் மட்டக்களப்புக் கரைக்கு வந்த ஒல்லாந்தக் கடலோடி யோரிஸ் வான் ஸ்பில்பேர்கனின் பயண நூல். பதினேழாம் நூற்றாண்டில் நெதர்லாந்தில் அச்சானது. மற்றையது 1940களில் வெளியான ஓர் ஓவியக் கண்காட்சிக் கையேடு. பயண நூலின் பக்கங்கள் விரைவாகவே வந்து சேர்ந்தன. கையேட்டைப் பொறுத்தவரை, புரட்டினால் தாள் உடையக்கூடும் என்பதால் பாதுகாப்புப் பிரிவினர் பார்வையிட்ட பின்னரே முடிவு சொல்ல இயலும் என்று மறுமொழி வந்தது. மூத்தது உறுதியாகவும் இளையது நலிந்தும் இருப்பது எவ்வாறு என்பது அவருடைய கேள்வி.

இத்தகைய நூலகங்களின் நடைமுறை பலரும் அறிந்ததே. நியூயோர்க் மெற்றோபொலிற்றன் அருங்காட்சியகத்தின் வாட்சன் நூலகமாயினும், அம்ஸ்ரர்டாம் றைக்ஸ்மியூசியத்தின் ஆய்வு நூலகமாயினும், இணையவழிப் பட்டியலில் தேடி, வேண்டியதைக் குறித்துக் கேட்டால், ஊழியர் களஞ்சியத்திலிருந்து எடுத்து வந்து வாசிப்பறையில் தருவார். பேனாவுக்கு இடமில்லை, பென்சில் மட்டுமே. அரிய நூல்கள் முழுவதும் விரியாதபடி நுரைத் தாங்கிகளின் மேல் வைக்கப்படும். வெள்ளைக் கையுறை பெரும்பாலும் திரைப்படங்களில் மட்டுமே உண்டு. கையுறை அணிந்தால் விரல்களின் தொடுவுணர்வு மங்கித் தாள் கிழிய வாய்ப்பு அதிகம் என்பதால், கழுவி உலர்த்திய வெறுங்கையையே நூலகர்கள் விரும்புகிறார்கள்.

மற்ற நூலகங்களில் கிடைக்காத சில இங்கே சேகரிக்கப்படுகின்றன: ஏலப் பட்டியல்கள், கண்காட்சித் துண்டுப்பிரசுரங்கள், அழைப்பிதழ்கள், ஓவியர் பெயர்வாரியாக அடுக்கிய பத்திரிகைத் துணுக்குகள். ஓர் ஓவியம் எந்த ஆண்டில் யாருடைய கையிலிருந்து யாருக்குப் போனது என்பதை அறிய, ஏலப் பட்டியலின் ஓரத்தில் அன்று எவரோ கிறுக்கிய விலையே சில வேளைகளில் ஒரே சான்றாக அமைகிறது. ஆனால் இவையெல்லாம் ஒரு நாள் தேவைக்காக மலிவான தாளில் அச்சிடப்பட்டவை. சிக்கல் அந்தத் தாளில்தான் இருக்கிறது.

கடதாசியின் உடல் செலுலோசு. குளுக்கோசு அலகுகள் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் வரிசையாக இணைந்த நீண்ட சங்கிலி அது. அடுத்தடுத்த இரு அலகுகளை ஓர் ஒட்சிசன் அணு பிணைத்து நிற்கிறது. தாளில் அமிலம் சிறிதளவு இருந்தாலும், அதிலுள்ள ஐதரசன் அயன் ஒன்று அந்த ஒட்சிசனில் வந்து ஒட்டிக்கொள்கிறது. ஒட்சிசன் இலத்திரன்களைத் தன்பக்கம் இழுக்க, பிணைப்புத் தளர்ந்து அறுகிறது. அறுந்த இடத்தில் ஒரு நீர் மூலக்கூறு புகுந்து, தன் கூறுகளால் இரு முனைகளையும் மூடிவிடுகிறது. இத்தனைக்கும் பிறகு நீர் செலவாகியிருக்கிறது, சங்கிலி இரண்டாகியிருக்கிறது, ஆனால் ஐதரசன் அயன் மட்டும் வந்தபடியே விடுபட்டு அடுத்த பிணைப்பைத் தேடிப் போகிறது. பாடசாலையில் ஊக்கி என்று படித்தோமே, அதன் இத்தனை கொடிய எடுத்துக்காட்டை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அழிவின் கணக்கு அதைவிட வியப்பானது. ஆயிரம் அலகுகள் கொண்ட சங்கிலியில் 999 பிணைப்புகள் உண்டு. அவற்றுள் நான்கே நான்கு அறுந்தால் ஐந்து துண்டுகள். சராசரி நீளம் 200 அலகுகள். ஏறத்தாழ அந்த அளவுக்குச் சங்கிலி குறுகும்போது தாள் மடிப்பைத் தாங்காமல் முறிகிறது. ஆயிரத்தில் நான்கு பிணைப்புகள் போனதற்கே ஒரு பக்கம் கையில் பொடியாகிறது, மீதி வேதியியல் அப்படியே இருந்தும்! போதாக்குறைக்கு, சிதையும் தாள் போமிக் அமிலத்தையும் அசற்றிக் அமிலத்தையும் தானே பிறப்பிப்பதால் வேகம் காலத்தோடு கூடுகிறது. பழைய புத்தக வாசனையை இரசிப்பவர்கள் முகர்வதில் இந்தச் சிதைவின் ஆவியும் கலந்திருக்கிறது.

இனி இரு நூல்களின் வேறுபாடு எளிதில் விளங்கும். ஸ்பில்பேர்கன் காலத்து ஐரோப்பியத் தாள் சணல், லினன் கந்தல் துணிகளைக் கூழாக்கிச் செய்தது. சங்கிலிகள் மிக நீளமானவை. மை பரவாதிருக்கப் பூசப்பட்டது விலங்குப் பசை. 1807இல் ஜேர்மானியரான இல்லிக், பசைக்குப் பதிலாகப் பிசினையும் படிகாரத்தையும் கூழிலேயே கலக்கும் வழியை வெளியிட்டார். 1844இல் கெல்லர் மரத்தை அரைத்துக் கூழாக்கும் முறையைக் கண்டார். தாள் மலிந்தது, பத்திரிகை பெருகியது. ஆனால் படிகாரத்தின் அலுமினியம் சல்பேற்று ஈரத்தோடு சேர்ந்து அமிலத்தைத் தந்துகொண்டே இருந்தது. 1940களின் கையேடு அச்சகத்தை விட்டு வெளியேறிய நாளிலேயே தன் அழிவுக்கான ஊக்கியைச் சுமந்து வந்தது.

இந்த வேதிவினைக்கு மேலும் இரண்டு தேவை: நீர், வெப்பம். இரண்டும் எங்கள் வாவிக்கரையில் தாராளம். வெப்பநிலை 5 பாகை செல்சியஸ் குறைந்தால் தாளின் ஆயுள் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது பாதுகாப்பாளர்கள் கையாளும் உத்தேசக் கணக்கு. 28 பாகையில் நம் வீட்டு அலுமாரியில் இருப்பதும் 18 பாகைக் களஞ்சியத்தில் இருப்பதும் ஒரே தாளாயினும், பின்னதன் ஆயுள் நான்கு மடங்கு. வடகீழ்ப் பருவமழையில் ஈரப்பதன் ஏறும்போது பூஞ்சணமும் சேர்ந்துகொள்ளும். நூலகமென்றால் கட்டடம் எழுப்பிப் பெயர்ப்பலகை திறப்பதோடு நிதி தீர்ந்துவிடும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. ஈரமுறிஞ்சும் கருவிக்கும் அதன் மின்கட்டணத்துக்கும் ஆண்டுதோறும் ஒதுக்காத இடத்தில் தாள் காக்கப்படுவதில்லை, வெறுமனே அடுக்கப்படுகிறது.

வசம்பும் வேப்பிலையும் பூச்சியை விரட்டலாம். அமிலத்தை அவை அறியா. பழைய தாளை லமினேற் செய்தால் என்றும் நிலைக்கும் என்பதும் வெறும் நம்பிக்கையே: உள்ளே பிறக்கும் அமில ஆவி வெளியேற வழியின்றி அடைபடுவதால் சிதைவு விரைவடைகிறது. செய்யத்தக்கது அமிலத்தை நடுநிலையாக்குவது. கல்சியம் அல்லது மக்னீசியம் காபனேற்றைத் தாளுக்குள் செலுத்தி, இனிப் பிறக்கும் அமிலத்துக்கும் ஒரு சேமிப்பை விட்டுவைப்பார்கள். 1994இன் ஐ.எஸ்.ஓ. 9706 நியமம் நீடித்த தாளுக்கு 2 சதவீதக் கல்சியம் காபனேற்றுக்கு நிகரான சேமிப்பை வேண்டுகிறது. ஆனால் அறுந்த சங்கிலியை இந்தச் சிகிச்சை மீண்டும் ஒட்டவைக்காது.

நம்மூரில் கும்பாபிஷேக மலர்களும் பாடசாலை நூற்றாண்டு மலர்களும் கூத்து அரங்கேற்ற அழைப்பிதழ்களும் அந்த ஏலப் பட்டியல்களின் இனமே. வைத்திருப்பவர்கள் பத்திரிகைத் துணுக்குகளை முதலில் பிரித்தெடுங்கள். அவை அண்டைப் பக்கத்தில் தம் வடிவிலேயே பழுப்புக் கறை பதிப்பது அமிலம் இடம்பெயர்வதன் அடையாளம். இன்றைய ஏ4 தாள்களுள் பெரும்பாலானவை கல்சியம் காபனேற்று நிரப்பியவை, இடையில் வைக்க உகந்தவை. தாள் வளைந்து கொடுக்கும் காலத்திலேயே எண்ணிமப் படமும் எடுத்துவிட வேண்டும்; ஈழத்துத் தமிழ் ஆவணங்களை நூலக நிறுவனம் 2005 முதல் இவ்வாறு இணையத்தில் சேர்த்து வருகிறது.

வாசகி அந்தக் கையேட்டுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. அச்சில் வந்த ஒன்றுக்குப் பல பிரதிகள் உண்டு. ஒரே ஆண்டில் அச்சாகியிருந்தாலும் குளிரான, உலர்ந்த களஞ்சியத்தில் இருந்த பிரதி புரட்டத் தக்கதாக இருக்கலாம். உலக நூலகங்களின் கூட்டுப் பட்டியலான வேர்ல்ட்கற்றில் அதன் தலைப்பையும் ஆண்டையும் இட்டுத் தேடி, பிரதி வைத்திருக்கும் வேறு நூலகங்களுக்கும் எழுதிக் கேட்கட்டும்.