நிகர சுழிய உமிழ்வு: சொல்லும் அதன் கணக்கும்

நிகர சுழியம்: ஒரு நாடோ நிறுவனமோ ஓராண்டில் காற்றில் விடும் பசுங்குடில் வாயுக்களின் அளவும், காற்றிலிருந்து திரும்ப எடுத்து நிலையாகச் சேமிக்கும் அளவும் ஒன்றுக்கொன்று சரியாகிவிடும் நிலை. ஆங்கிலத்தில் நெட் ஜீரோ.

நெட் என்பதன் வேர் லத்தீன் நிதிடுஸ். பளபளப்பானது, துப்புரவானது என்று பொருள். பிரெஞ்சு வழியாக வணிகர்களிடம் வந்து, கழிக்க வேண்டியதைக் கழித்தபின் நிற்கும் எடையையும் தொகையையும் குறித்தது. ஜீரோ நம் பக்கத்துச் சொல். வடமொழிச் சூன்யம் அரபியில் சிஃப்ர் ஆகி, லத்தீனில் செஃபிரம் என்று திரிந்து, இத்தாலியில் ஜீரோ ஆனது. பழந்தமிழில் இதற்குப் பாழ் என்ற சொல் இருந்தது. பரிபாடலின் மூன்றாம் பாடல் எண்களை அடுக்கும்போது 'பாழ் என, கால் என, பாகு என, ஒன்று என' என்றுதான் தொடங்குகிறது. வட்டமான வடிவைச் சுட்டும் சுழியிலிருந்து சுழியம் பின்னாளில் ஆக்கப்பட்டது.

நிகர லாபம், நிகர எடை என்று கணக்குப் புத்தகத்தில் ஏற்கெனவே புழங்குவதால் நெட் என்பதற்கு நிகர என்பதே பொருத்தம். செய்திகளில் நிகரப் பூஜ்யம் என்றும் வருகிறது, பிழையில்லை. ஆனால் முழு வடிவமான 'நிகர சுழிய உமிழ்வு' என்பதையே பரிந்துரைக்கிறோம். வெறுமனே சுழிய உமிழ்வு என்றால் புகையே விடாத நிலை, அது வேறு. கரிமச் சமநிலை (ஆங்கிலத்தில் கார்பன் நியூட்ரல்) என்பதும் வேறு. அதில் உமிழ்வைப் பெரிதாகக் குறைக்காமலே, வேறொருவர் உமிழ்வைக் குறைத்ததற்கான சான்றிதழை வெளியில் வாங்கி ஈடுகட்டிக் கணக்கை முடித்துவிட இடமுண்டு. நிறுவனங்களின் இலக்குகளைச் சரிபார்க்கும் அறிவியல் அடிப்படை இலக்குகள் முன்முயற்சி 2021ல் வெளியிட்ட தரம், நிகர சுழியத்துக்குப் பொதுவாக 90 விழுக்காடு அளவுக்கு உண்மையாகவே குறைத்தாக வேண்டும் என்கிறது. எஞ்சுவதை மட்டுமே காற்றிலிருந்து அகற்றிக் கழிக்கலாம்.

2015ன் பாரிஸ் ஒப்பந்தத்தில் இந்தச் சொல் இல்லை. நான்காம் பிரிவு வெளியேற்றத்துக்கும் அகற்றலுக்கும் இடையிலான சமநிலை என்று மட்டும் சொல்கிறது. 2018ல் ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி வெளியிட்ட 1.5 டிகிரி அறிக்கை, புவி வெப்ப உயர்வு அந்த அளவைத் தாண்டாதிருக்கக் கரியமில வாயு 2050 வாக்கில் நிகர சுழியத்தை எட்ட வேண்டும் என்று கணக்கிட்டது. அதன்பிறகுதான் சொல் எல்லா அலுவலகச் சுவர்களிலும் ஏறியது. தென்னாப்பிரிக்காவும் 2050ஐக் குறிக்கோளாக அறிவித்திருக்கிறது.

சுவரில் இருப்பதை வேலையாக்குவது எப்படி? டர்பனில் குளிர்பதன அறையுள்ள நடுத்தர மொத்த மளிகைக் கிடங்கு ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். மாதம் 20,000 யூனிட் மின்சாரம், ஆண்டுக்கு 6,000 லிட்டர் டீசல், குளிர்பதன இயந்திரத்தில் ஆண்டுக்கு 10 கிலோ ஆர்-404ஏ வாயுக் கசிவு.

தென்னாப்பிரிக்க அரசு மின் நிறுவனமான எஸ்காமின் மின்சாரத்தில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் நிலக்கரியிலிருந்து வருவதால் ஒரு யூனிட்டுக்குச் சுமார் ஒரு கிலோ கரியமில வாயு. ஆக மின்சாரம் 240 டன். டீசல் லிட்டருக்கு 2.68 கிலோ வீதம் 16 டன். ஆர்-404ஏ கரியமில வாயுவைப் போல ஏறக்குறைய 3,900 மடங்கு வெப்பத்தைப் பிடிப்பது. எனவே அந்தப் பத்து கிலோ 39 டன். யாரும் கவனிக்காத கசிவு, எல்லார் கண்ணிலும் படும் வேன்களின் புகையைப் போல இரண்டு மடங்குக்கு மேல்! மொத்தம் 295 டன். வாங்கும் சரக்கு, ஊழியர் பயணம், குப்பை ஆகியவை மூன்றாம் வட்டம் (ஆங்கிலத்தில் ஸ்கோப் 3), அதாவது நம் வேலைக்காகப் பிறரிடத்தில் நிகழும் உமிழ்வு. அவற்றை இரண்டாம் ஆண்டில் சேர்க்கலாம், விட்டுவிடக் கூடாது.

கணக்கு பெரும்பாலும் இங்கேதான் கெடுகிறது. மின் ரசீதில் மீட்டரைப் பார்க்காமல் மதிப்பீடாக எழுதிய மாதங்கள் கலந்திருக்கும். வாசிப்பு எண்களை நேரில் குறித்துக்கொள்ள வேண்டும். ஜெனரேட்டர் டீசலும் வேன் டீசலும் ஒரே கணக்கில் கிடக்கும். பழுதுபார்ப்பவர் ரசீதில் 'கேஸ் நிரப்பினோம்' என்று மட்டும் எழுதுவார். எந்த வாயு, எத்தனை கிலோ என்று எழுதாத ரசீதுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். வாடகைக் கட்டடமானால் தனி மீட்டர் வைத்தே ஆக வேண்டும்.

குறைப்பை எந்த ஆண்டோடு ஒப்பிட்டு அளக்கிறோமோ அந்த அடிப்படை ஆண்டைத் தேர்வதில் இன்னும் கவனம் வேண்டும். 2023 லோட் ஷெடிங் எனும் முறைவைத்த மின்வெட்டு மிக மோசமாக இருந்த ஆண்டு. அதை அடிப்படையாக வைத்தால் மின்சாரம் குறைவாகவும் டீசல் மிகையாகவும் தெரியும். பிறகு மின்சாரம் ஒழுங்காக வந்ததும், எதுவுமே செய்யாமல் டீசலில் சாதனை, மின்சாரத்தில் தோல்வி என்று அறிக்கை வரும். மூன்று ஆண்டுச் சராசரியே நேர்மையானது.

1.5 டிகிரி பாதைக்கு அடிப்படை அளவில் ஆண்டுக்கு 4.2 விழுக்காடு குறைய வேண்டும். நம் கிடங்குக்கு அது 12 டன் சொச்சம். 2050 என்ற இலக்கை யாராலும் நிர்வகிக்க முடியாது. இந்த ஆண்டு 12 டன் என்றால் அதற்கு ஒரு பொறுப்பாளரையும் பட்ஜெட்டில் ஒரு தொகையையும் ஒதுக்க முடியும். கசிவைப் பாதியாக்கினாலே 19 டன் போகும். குளிர் அறைக் கதவின் ரப்பர் விளிம்பை மாற்றுவது, பனி நீக்கும் நேரத்தைச் சரிசெய்வது, கீசருக்குப் பதில் வெப்பப் பம்பு வைப்பது (மின்சாரம் ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகும்) எல்லாம் சூரியத் தகடுகளுக்கு முன்பே செய்ய வேண்டியவை. முதலில் தேவையைக் குறைத்தால் தகடும் குறைவாகப் போதும்.

50 கிலோவாட் தகடுகள் டர்பனில் ஆண்டுக்கு 70,000 யூனிட் அளவில் தரும். 70 டன் மிச்சம். தமிழில் கிடைக்கும் வழிகாட்டிகள் பலவும் இந்தியாவுக்கு எழுதப்பட்டவை. அவை தகட்டைத் தெற்கு நோக்கி வைக்கச் சொல்லும். தென் அரைக்கோளத்தில் இருக்கும் இங்கே வடக்கு நோக்கி, சுமார் 30 பாகைச் சாய்வில் வைக்க வேண்டும். கடலோர உப்புக்காற்றில் சாதாரண இரும்புத் திருகுகள் துருவேறும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அவசியம். மாநகராட்சியில் பதியாமல் பொது மின்கட்டமைப்பில் இணைத்தால் விபத்து நேரும்போது காப்பீடு சிக்கலாகும். பள்ளி என்றால் டிசம்பர் விடுமுறையில் மின்சாரம் வீணாகும் என்பதையும் கணக்கில் எடுங்கள். குளிர் அறை எந்நாளும் ஓடுவதால் கிடங்குக்கு அந்தக் கவலையில்லை.

பொதுத்துறையின் தடை வேறு. மாநகராட்சி நிதி மேலாண்மைச் சட்டத்தின் 33ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டுக்கு மேல் நிதிச்சுமை தரும் ஒப்பந்தத்துக்குத் தனி நடைமுறை வேண்டும். பொதுமக்கள் கருத்தும் கேட்க வேண்டும். மின்சிக்கன முதலீடு திரும்பி வரவோ ஐந்தாறு ஆண்டுகூட ஆகலாம். அதனால் நல்ல திட்டங்கள் கொள்முதல் மேசையிலேயே நின்றுவிடுகின்றன. திட்டம் வரையும்போதே சட்டப்பிரிவு அதிகாரியை உட்காரவைப்பதுதான் வழி. மின்சாரம் விற்றுத்தான் மாநகராட்சிக்கு வருமானம் என்பதும் உண்மை. நுகர்வோர் சிக்கனம் பிடித்தால் அங்கே பள்ளம் விழும். கட்டண அமைப்பையும் சேர்த்தே திருத்த வேண்டும். ஆனாலும் டர்பன் மாநகராட்சி மரியன்ஹில், பிசாசர் ரோடு குப்பைமேடுகளில் குழாய் இறக்கி மீத்தேனை எடுத்து மின்சாரம் தயாரித்துக் காட்டியிருக்கிறது.

கடைசியில் எஞ்சுவதற்கு வருவோம். இங்கே பல நிறுவனங்கள் ஸ்பெக்பூம் செடி நட்டுக் கணக்கை முடிக்கப் பார்க்கின்றன. ஹெக்டேருக்கு ஆண்டுக்கு ஐந்து டன் என்று வைத்துக்கொண்டாலும் நம் 295 டன்னுக்கு 59 ஹெக்டேர் வேண்டும். அதுவும் கிழக்குக் கேப்பின் வறண்ட புதர்க்காட்டுச் செடி. தொட்டியில் வைத்த பத்துச் செடி எந்தக் கணக்கிலும் ஏறாது. சான்றிதழ் வாங்குவதானால் அது மறுபடி விற்க முடியாதபடி பதிவேட்டில் உங்கள் பெயரில் ரத்தானதா என்று பாருங்கள். ரத்தாகாத சான்றிதழை இன்னொருவரும் காட்டலாம். உங்கள் கூரை மின்சாரத்தின் பசுமைச் சான்றிதழை வேறு நிறுவனத்துக்கு விற்றிருந்தால், அந்த யூனிட்டுகளைப் பசுமை மின்சாரம் என்று சொல்லும் உரிமை வாங்கியவருக்கே போய்விட்டது. உங்கள் அறிக்கையில் அவை எஸ்காம் மின்சாரம் போலவே எழுதப்பட வேண்டும்.