ஸ்பென்சர்: சொல்லும் பொருளும்

ஸ்பென்சர் என்றதும் சென்னைக்காரர்களுக்கு அண்ணா சாலைக் கட்டடம்தான் நினைவுக்கு வரும். அது ஜே. டபிள்யூ. ஸ்பென்சர் என்ற வணிகரின் பெயர். 2021இல் பாப்லோ லரைன் இயக்கி, கிறிஸ்டன் ஸ்டூவர்ட் பிரிட்டன் இளவரசி டயானாவாக நடித்த படத்துக்கும் இதே பெயர். இங்கே இது டயானாவின் பிறந்த வீட்டுப் பெயர்.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. 'பென்டெரே' என்றால் தொங்கவிடுதல், எடைபோடுதல். தராசில் தொங்கவிட்டுத்தானே நிறுப்பார்கள். அதிலிருந்து 'டிஸ்பென்சாரே', நிறுத்துப் பங்கிடுதல். பழைய பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்கு வந்து 'டிஸ்பென்சர்' ஆனது, அப்புறம் தலை தேய்ந்து 'ஸ்பென்சர்' ஆயிற்று. நாம் பேச்சில் சொல்லும் டிஸ்பென்சரியும் இதே வேரில் பிறந்ததுதான். அங்கே அளந்து கொடுப்பது மருந்து.

பெரிய வீடுகளில் சரக்கறைச் சாவியை வைத்துக்கொண்டு உணவுப்பொருளை அளந்து கொடுப்பவரே அந்தக்கால ஸ்பென்சர். இடைக்காலத்தில் டெஸ்பென்சர் என்றொரு பிரபுக் குடும்பமும் இருந்தது. டயானாவின் முன்னோர் தங்களை அதன் வழிவந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டார்கள்; வரலாற்றாசிரியர்கள் அதை அவ்வளவாக ஏற்பதில்லை. ஆடு வளர்த்துச் செல்வம் சேர்த்து 1508இல் ஆல்தார்ப் பண்ணையை வாங்கியவர்கள் என்பதே உறுதியான கதை.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'பண்டகக் காப்பாளர்' எனலாம், ஆனால் அரசாணை வாடை அடிக்கிறது. பொருளுக்கு அச்சாகப் பொருந்துவது 'உக்கிராணக்காரர்'. கோயிலிலும் கல்யாண வீட்டிலும் இன்றும் உக்கிராணம் உண்டு. கன்னடமும் தெலுங்கும் இந்தச் சொல்லில் பங்கு கேட்கும் என்பதால் தனித்தமிழ் வேண்டுவோர் தயங்கலாம். என் ஓட்டு 'படியளப்பவர்' என்பதற்கு. கடவுளையே 'எல்லாருக்கும் படியளக்கிறவன்' என்று சொல்கிற மொழி நம்முடையது. அளவும் சோறும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. படத்தின் பெயரை மட்டும் மொழிபெயர்க்க வேண்டாம்.

பொருள் தெரிந்தபின் படம் வேறு மாதிரித் தெரிகிறது. 1991 கிறிஸ்துமஸ், நார்ஃபோக்கில் சாண்ட்ரிங்ஹாம் மாளிகை, அரச குடும்பம் கூடும் மூன்று நாள். வந்து இறங்கியதும் விருந்தாளிகளைத் தராசில் உட்காரவைத்து எடைபோடுகிறார்கள். ஊர் திரும்பும்போது எடை கூடியிருந்தால் விருந்தை ரசித்ததாக அர்த்தமாம்! நிறுப்பவரின் பெயரைக் கொண்டவள் நிறுக்கப்படுகிறாள். ராணுவப் பெட்டிகளில் உணவு வந்து இறங்குகிறது. எந்த வேளைக்கு எந்த உடை என்பதற்கும் சீட்டு ஒட்டியிருக்கிறது. விருந்து மேசையில் எதுவும் இறங்காதவள் நள்ளிரவில் சரக்கறைக்குப் போய்த் தனியாகச் சாப்பிடுகிறாள். இயக்குநர் சொல்லின் வேரை நினைத்துத்தான் இப்படி அமைத்தாரா என்பது வேறு விஷயம்.

கடைசியில் இரண்டு பையன்களையும் காரில் ஏற்றிக்கொண்டு லண்டனுக்குக் கிளம்பிவிடுகிறாள். வழியில் கோழி வறுவல் கடையில் அவர்களுக்குச் சாப்பாடு வாங்குகிறாள். யார் பெயரில் என்று கேட்கிறார்கள். "ஸ்பென்சர்" என்கிறாள்.