இடங்கொடு மரபணு

வேளாண் ஆய்வுச் செய்திகளைத் தமிழில் எழுதுகிறவர்கள் அடிக்கடி இடறும் சொல் ஒன்று உண்டு: சசெப்டிபிலிட்டி ஜீன். அண்மையில் படித்த ஒரு கட்டுரையில் இதைப் ‘பாதிக்கப்படக்கூடிய மரபணு’ என்று எழுதியிருந்தார்கள். படிப்பவருக்கு மரபணுவுக்குத்தான் ஏதோ சீக்கு என்று தோன்றும். மரபணுவுக்கு ஒன்றும் இல்லை. அது பழுதில்லாமல் நன்றாக வேலை செய்வதுதான் மரத்துக்கு வினையாகிறது. நோய்க்கிருமி வந்து காலூன்ற, மரத்தின் சொந்த மரபணு ஒன்றே வழி செய்து கொடுக்கிறது. அப்படி வழி செய்யும் மரபணுவுக்குத்தான் இந்தப் பெயர்.

பொருள் பிடிபட எலுமிச்சைச் சொறி நோயைப் பார்க்கலாம். புளியங்குடிப் பக்கம் எலுமிச்சை வைத்திருப்பவர்களுக்கு இதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இலையில் முதலில் குண்டூசித் தலையளவு புள்ளி, பிறகு அது தடித்துச் சொரசொரப்பாகி நடுவில் குழிந்து நிற்கும், சுற்றிலும் மஞ்சள் வளையம். காயிலும் அதே தழும்பு. சாறு கெடாது, தின்றால் தீங்கும் இல்லை. ஆனால் தோலைப் பார்த்து விலை சொல்லும் சந்தையில் அந்தக் காய் ஒதுக்கல்தான்.

இதைச் செய்வது சாந்தோமோனாஸ் சிட்ரி என்னும் பாக்டீரியா. வளர்ப்புத் தட்டில் மஞ்சளாகத் திரள்வதால் கிரேக்கத்தில் மஞ்சளைக் குறிக்கும் ‘சாந்தோஸ்’ பெயரில் ஒட்டிக்கொண்டது. மழைச் சாரலில் தெறித்து இலைத்துளை வழியாகவோ, இலைத்துளைப்பான் புழு குடைந்த காயத்தின் வழியாகவோ உள்ளே நுழையும். நுழைந்த பிறகு அது செய்வதுதான் நம் சொல்லுக்கு ஆதாரம்.

பாக்டீரியாவின் உடலில் ஊசி போன்ற நுண்குழாய் இருக்கிறது. அதன் வழியாகச் சில புரதங்களை இலையின் உயிரணுவுக்குள் செலுத்துகிறது. ஆங்கிலத்தில் இவற்றை எஃபெக்டர் என்பார்கள். நான் ஏவல் புரதம் என்கிறேன். பில்லி சூனிய ஏவல் நினைவுக்கு வந்தால் தப்பில்லை, வேலை ஏறக்குறைய அதுதான். அந்தப் புரதங்களில் பிடிஎச்ஏ4 என்ற ஒன்று நேரே உட்கருவுக்குள் போய் மரத்தின் டிஎன்ஏ இழையில் ஒரு குறிப்பிட்ட இடத்தைத் தேடிப் பிடித்து உட்காருகிறது. எப்படித் தேடுகிறது என்பது அழகான கதை. அதன் நடுப்பகுதியில் ஒரே மாதிரியான துண்டுகள் பதினேழரை வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு முழுத் துண்டிலும் 34 அமினோ அமிலங்கள். அவற்றில் 12ஆவதும் 13ஆவதும் மட்டும்தான் பெரும்பாலும் துண்டுக்குத் துண்டு மாறும். அந்த இரண்டும் சேர்ந்த இணை ஒவ்வொன்றும் டிஎன்ஏவின் ஓர் எழுத்தைப் பார்த்துப் பொருந்தும். ஹிஸ்டிடினும் அஸ்பார்டிக் அமிலமும் சேர்ந்த இணை சைட்டோசின் என்ற எழுத்தைப் பிடிக்கும், இன்னோர் இணை தைமின் என்ற எழுத்தைப் பிடிக்கும், இப்படி. இந்தப் பூட்டு–சாவிக் கணக்கை 2009இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்தன.

எலுமிச்சை வகை மரங்களில் அந்தச் சாவி பொருந்தும் இடம் லாப்1 என்ற மரபணுவுக்கு முன்னால் இருக்கிறது. மரபணுவின் முகப்பில் அதை முடுக்கும் தொடக்கப் பகுதி அது. பிடிஎச்ஏ4 வந்து உட்கார்ந்ததும், அதுவரை அந்த இலையில் அடங்கிக் கிடந்த லாப்1 முழு வீச்சில் வெளிப்படத் தொடங்குகிறது. உயிரணுச் சுவரைத் தளர்த்தும் புரதங்களை ஆக்குகிற வேறு மரபணுக்களும் அதன் பின்னே கிளம்புகின்றன. உயிரணுக்கள் உப்புகின்றன, பிரிந்து பெருகுகின்றன. உள்ளே நெருக்கம் தாங்காமல் மேல்தோல் வெடிக்கிறது. வெடிப்பின் வழியே பாக்டீரியா வெளியே கசிந்து அடுத்த மழைக்குக் காத்திருக்கிறது. நாம் சொறி என்று தடவிப் பார்க்கும் அந்தத் தடிப்பைக் கட்டியது பாக்டீரியா அல்ல, மரம்தான். ஆணை மட்டும் வெளியாருடையது. லாப்1 நோய்க்கு இடங்கொடுக்கும் மரபணு என்று 2014இல் நிறுவினார்கள். லாப் என்ற பெயருக்கும் நோய்க்கும் தொடர்பில்லை. தண்டிலிருந்து இலை போன்ற பக்க உறுப்புகள் பிரியும் எல்லையில் வெளிப்படும் மரபணுக் குடும்பம் என்பதைச் சொல்லும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள். லாபம் பாக்டீரியாவுக்குப் போனது தற்செயல்.

இனி சொல்லின் பிறப்பு. லத்தீனில் ‘சப்’ என்றால் கீழே, ‘கபெரே’ என்றால் பற்றுதல். இரண்டும் சேர்ந்த ‘சுஸ்கிபெரே’ கீழிருந்து தாங்கி எடுப்பதைக் குறித்தது; பொறுப்பை ஏற்பது, பிள்ளையைத் தன் பிள்ளையாக ஏற்பது எல்லாவற்றுக்கும் ரோமானியர் இதையே சொன்னார்கள். ஆக மூலச்சொல்லில் குற்றம் எதுவும் இல்லை, வருவதை ஏற்றுக்கொள்ளுதல் என்ற பொருள்தான். பிற்காலத்தில்தான் எளிதில் ஆட்படும் தன்மை என்று சாய்ந்தது. ஜீன் என்பது இளையது. 1909இல் டென்மார்க் தாவரவியலாளர் வில்ஹெல்ம் யோஹான்சன் ஆக்கியது. தமிழில் மரபும் அணுவும் சேர்ந்து மரபணு ஆனது. இந்த அணு இயற்பியலின் அணு அல்ல, மிகச் சிறிய கூறு என்ற பழைய பொருள்.

இயற்பியல் பாடநூல் சசெப்டிபிலிட்டியை ஏற்கெனவே தமிழாக்கியிருக்கிறது: காந்த ஏற்புத்திறன். லத்தீன் மூலத்துக்கு மிக நெருக்கம். அதையே இங்கே கொண்டுவந்து நோயேற்பு மரபணு என்று சொல்லலாமே என்று முதலில் எனக்கும் தோன்றியது. ஆனால் உயிரியலில் ரிசெப்டர் என்பதற்கு ஏற்பி என்ற சொல் வேரூன்றிவிட்டது. கிருமி வந்திருப்பதை மோப்பம் பிடித்து மரத்தை உசுப்பும் புரதங்களில் பல ஏற்பிகள்தாம், அவை காவல்காரர்கள். காவல்காரனுக்கும் கதவைத் திறந்துவிடுபவனுக்கும் ஒரே வேர்ச்சொல்லில் பெயர் வைத்தால் மாணவர் பாடு திண்டாட்டம். ‘ஏற்புத்திறன்’ என்றாலோ ஏதோ நல்ல ஆற்றல் போல ஒலிக்கிறது.

சரியான சொல்லை வேறெங்கும் தேட வேண்டியதில்லை. ஒன்றாம் வகுப்பிலேயே ஒப்பித்திருக்கிறோம். ‘நோய்க்கு இடங்கொடேல்’ என்கிறது ஆத்திசூடி. நோய் வெளியிலிருந்து வருவது, இடம் நம்முடையது, கொடுப்பதும் நாமே: ஔவையின் இரண்டே சொற்களில் சசெப்டிபிலிட்டியின் முழுப் பொருளும் இருக்கிறது. லாப்1 செய்வது இதே இடங்கொடுத்தல்தான். இடங்கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான் என்று பேச்சுவழக்கிலும் இது புழங்குகிறது. எனவே இடங்கொடு மரபணு.

இலக்கணமும் கைகொடுக்கிறது. சுடுசோறு, குடிநீர் போல இது வினைத்தொகை. இடங்கொடுத்த, இடங்கொடுக்கின்ற, இடங்கொடுக்கும் என்று முக்காலமும் உள்ளே மறைந்து நிற்கிறது. ‘கொடு’ என்பதைப் பிரித்தெழுதி, கொடுமையான மரபணு என்று யாராவது படித்துவிடக்கூடும். அதனால் இடங்கொடு என்று சேர்த்தே எழுதுவது நல்லது.

இதற்கு எதிரிணை எதிர்ப்பு மரபணு. அது பழகிய சொல்தான், மாற்ற வேண்டாம். நோய் தாங்கும் ரகம் உருவாக்குகிறவர்கள் நெடுங்காலம் எதிர்ப்பு மரபணுவைத் தேடி, கலப்பினம் செய்து புகுத்தினார்கள். இடங்கொடு மரபணு தெரிந்த பிறகு வேறு வழி பிறந்தது: எதையும் புகுத்தாமல், இருக்கும் வாசலை அடைப்பது. 2017இல் சீனாவின் வான்ஜின்செங் ஆரஞ்சில் டிஎன்ஏவைக் குறித்த இடத்தில் வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் முறையால் லாப்1 முகப்பின் இரண்டு பிரதிகளிலும் அந்தச் சாவித்துளையை வெட்டி நீக்கினார்கள். சொறி நோய்க்கு வலுவான எதிர்ப்பு கிடைத்தது. அதே ஆண்டு புளோரிடாவில் டங்கன் கிரேப்ஃப்ரூட்டில் மரபணுவையே திருத்திப் பார்த்தார்கள்.

புளோரிடாவுக்கு இது வெறும் ஆய்வுக்கூட ஆர்வம் அல்ல. 1910களில் ஜப்பானிலிருந்து போன நாற்றுகளோடு அங்கே இறங்கிய நோய் இது. 1933இல் ஒழித்ததாக அறிவித்தார்கள், பிறகு திரும்பி வந்தது. ஒருகட்டத்தில் நோய்கண்ட ஒரு மரத்தைச் சுற்றி 1,900 அடிக்குள் இருந்த எலுமிச்சை, ஆரஞ்சு வகை மரம் எல்லாவற்றையும் வெட்டினார்கள், வீட்டுக் கொல்லையில் நின்றதையும் விடவில்லை. ஒரு கோடிக்கும் மேற்பட்ட மரங்கள் போயின. 2004, 2005 ஆண்டுகளின் சூறாவளிகள் நோயை மாநிலமெங்கும் இறைத்துவிட, 2006 ஜனவரியில் அந்தத் திட்டத்தையே கைவிட்டார்கள். நோய்க்கு அங்கே வைத்த பெயர் கேன்கர். லத்தீனில் நண்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது, கேன்சருக்கு உடன்பிறப்பு. மரத்தின் உயிரணுக்கள் கட்டுமீறிப் பெருகுவதுதான் தடிப்பு என்று பிற்பாடு தெரிந்தபோது, அந்தப் பழைய பெயர் அறியாமலே பொருந்தியிருந்தது.

இயற்கையிலேயே இந்த ஏவலைத் திருப்பியடிக்கும் செடியும் உண்டு. குடைமிளகாயின் ஒரு வகையில் பிஎஸ்3 என்ற மரபணுவின் முகப்பிலும் இதேபோல் ஒரு சாவித்துளை இருக்கிறது. சாந்தோமோனாஸின் ஏவல் புரதம் வழக்கம்போல் வந்து அதில் உட்கார்ந்ததும், அந்த மரபணு தான் இருக்கும் உயிரணுவையே சாகடித்துவிடும். சுற்றிலும் செத்த திசு, பாக்டீரியா அங்கேயே முடங்கிப்போகும். இடங்கொடுப்பதுபோல் நடித்துப் பொறிவைப்பது. ஆகவே இதை எதிர்ப்பு மரபணு என்றுதான் சொல்ல வேண்டும். முகப்பில் சாவித்துளை இருப்பதை மட்டும் வைத்துப் பெயர் சூட்டக்கூடாது, திறந்த பிறகு யாருக்கு நன்மை என்று பார்க்க வேண்டும்.

எழுதும்போது ‘லாப்1, எலுமிச்சைச் சொறி நோய்க்கான இடங்கொடு மரபணு’ என்று எந்த நோய்க்கு என்பதையும் சேர்த்துச் சொல்வது தேவை. ஒரு நோய்க்கு இடங்கொடுப்பது இன்னொன்றுக்குக் கொடுக்கும் என்பதில்லை. இலங்கைப் பாடநூல்களில் ஜீன் பரம்பரையலகு என்று வருவதால் அங்கே இடங்கொடு பரம்பரையலகு என்றாகும். கொஞ்சம் நீளம்தான். ஆனால் ஆத்திசூடி அங்கும் மனப்பாடம், ஆகவே பொருள் சொல்லித்தர நேரமாகாது.