பேரில் 'ஸ்டேட்' இருந்தால் கவர்மென்ட் காலேஜா?

போன மாதம் ஒரு அப்பா மகளோடு வந்திருந்தார். கையில் பென்சில்வேனியா ஸ்டேட் யுனிவர்சிட்டி, சுருக்கமாகப் பென் ஸ்டேட், மாணவர் விசாவுக்காகக் கொடுத்த ஐ-20 படிவம். ஆண்டுச் செலவு போட்டிருந்த கட்டத்தில் விரலை வைத்து, "சார், இது கவர்மென்ட் காலேஜ்தானே? ஃபீஸ் ஏன் இவ்ளோ?" என்றார்.

கல்விக்கடன் ஆலோசனையில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். வாரம் ஒருமுறையாவது இந்தக் கேள்வி வந்துவிடும். ('பென்' என்று அழைக்கப்படும் யுனிவர்சிட்டி ஆஃப் பென்சில்வேனியா என்ற தனியார் பல்கலையையும் இந்தப் பென் ஸ்டேட்டையும் ஒன்றென்று நினைத்து வருகிறவர்கள் தனிக் கணக்கு.)

அவர் அப்படி நினைத்ததில் தப்பில்லை. 1862-இல் லிங்கன் கையெழுத்திட்ட மோரில் சட்டப்படி, அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஒரு மாநிலத்துக்கு எத்தனை உறுப்பினர்களோ, தலைக்கு 30,000 ஏக்கர். அதை விற்ற பணத்தில் விவசாயமும் பொறியியலும் கற்றுத்தரும் கல்லூரி நடத்த வேண்டும். பென்சில்வேனியாவில் அந்தக் கல்லூரி பென் ஸ்டேட்தான். அந்த மாநிலத்துக்கு 26 பேர், ஆக 7,80,000 ஏக்கர். அங்கே மத்திய அரசு நிலம் இல்லாததால் மேற்குப் பகுதி நிலங்களுக்கான பத்திரமாகக் கொடுத்தார்கள். பூர்வகுடிகளிடமிருந்து பறித்த நிலம் அது. விற்றுக் கிடைத்தது சுமார் 4,39,000 டாலர், ஏக்கருக்கு 56 சென்ட்!

ஆனாலும் பென் ஸ்டேட் மாநில அரசுக்குச் சொந்தமானதல்ல. சட்டத்தில் அதற்குப் பெயர் 'ஸ்டேட் ரிலேட்டட்', அதாவது அரசோடு உறவுள்ளது. பல்கலையை நிர்வகிக்கும் அறங்காவலர் குழுவில், மாநில அரசின் தலைவரான ஆளுநர் நியமிப்பவர்கள் 6 பேர்தான். பழைய மாணவர்கள் ஓட்டுப் போட்டு 9 பேரை அனுப்புகிறார்கள். மாவட்ட விவசாயச் சங்கப் பிரதிநிதிகள் கூடி 6 பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 1855-இல் உழவர் பள்ளியாகத் தொடங்கியதன் மிச்சம் இது. எனக்குப் பிடித்த விஷயமும் இதுதான்.

பணம் வரும் வழி இன்னும் சிக்கல். அரசின் முழுக் கட்டுப்பாட்டில் இல்லாத கல்வி நிறுவனத்துக்கு நிதி ஒதுக்க, சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்கிறது மாநில அரசியல் சாசனம். 203 பேர் உள்ள கீழவையில் 136 ஓட்டு. 2023-இல் அது கிடைக்காமல், ஜூலையில் தொடங்கிய நிதியாண்டின் பணத்துக்கு நவம்பரில்தான் ஒப்புதல் வந்தது. அந்தப் பொது நிதியும் சுமார் 24 கோடி டாலர்தான். மருத்துவமனைகளையும் சேர்த்தால் பல்கலையின் ஆண்டுச் செலவு 800 கோடி டாலரைத் தாண்டும். வருகிற நிதியும் அந்த மாநிலத்துப் பிள்ளைகளின் கட்டணத்தைக் குறைக்கத்தான் செலவாகிறது. மாணவர் விசாவில் போகிறவருக்கு அந்தச் சலுகை இல்லை.

"அப்போ எம்பொண்ணுக்கு அதுல ஒரு டாலர்கூட இல்லையா?" என்றார் அப்பா. ஃபீஸில் இல்லை என்றேன்.

சரி, கடனுக்குக் கையெழுத்துப் போடும் முன் நான் பார்க்கச் சொல்வது ஒன்று: அட்மிஷன் எந்த வளாகத்துக்கு? 2025 மே மாதம் அறங்காவலர் குழு ஓட்டெடுத்து, 2027 வசந்தப் பருவத்துக்குப் பிறகு 7 கிளை வளாகங்களை மூட முடிவு செய்தது. அந்தப் பெண்ணுக்கு முதல் இரண்டு வருடம் கிளை வளாகத்தில்தான். கடிதத்தையும் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மூன்று பேரும் படித்தோம். அவளுடையது அதில் இல்லை. அப்புறம்தான் அப்பா தண்ணீர் குடித்தார். கடன் தொகையைப் பேச உட்கார்ந்தோம். வருடா வருடம் ஃபீஸ் ஏறும் என்று வைத்துக் கூட்டியதில், அவர் நினைத்து வந்ததைவிடக் கூடுதலாகவே வந்தது.