டிக்கெட் நேரத்தைக் கழித்துப் பார்க்காதீர்கள்

சென்னையிலிருந்து சிங்கப்பூரும் துபாயும் ஏறக்குறைய ஒரே தூரம். வான்வழியில் இரண்டுமே சுமார் 2,900 கி.மீ. ஆனால் டிக்கெட்டில் சேரும் நேரத்திலிருந்து புறப்படும் நேரத்தைக் கழித்துப் பார்த்ததும் துபாய் போகிறவர் "மூணு மணி நேரம்கூட இல்லையே" என்கிறார், சிங்கப்பூர் போகிறவர் "ஏழு மணி நேரமா?" என்று மலைக்கிறார். டிக்கெட் போட்டுக் கொடுக்கும் தொழிலில் நான் அடிக்கடி கேட்பது இது.

புறப்படும் நேரம் நம் ஊர்க் கடிகாரப்படி இருக்கும். சேரும் நேரம் இறங்கும் ஊர்க் கடிகாரப்படி. சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால், துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால். காலை 10 மணிக்குக் கிளம்பி நாலேகால் மணி நேரம் பறந்தால் சிங்கப்பூரில் மாலை 4.45, துபாயில் பகல் 12.45.

இளைஞர்களுக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. பிள்ளைகளைப் பார்க்க லண்டன் கிளம்பும் அப்பா அம்மாக்களை நினைத்துத்தான் எழுதுகிறேன். சென்னையிலிருந்து நேராகப் போனால் சுமார் 8,200 கி.மீ.; பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். துபாய் வழியாகப் போனாலும் தூரம் 200 கி.மீ. போலத்தான் கூடும். ஆனால் இடையில் ஆறேழு மணி நேரக் காத்திருப்பு வந்தால் மொத்தப் பயணம் 18 மணி நேரத்தைத் தாண்டிவிடும். டிக்கெட்டைக் கழித்துப் பார்க்கிறவருக்கு, குளிர்காலத்தில் அதிலும் ஐந்தரை மணி நேரம் குறைவாகத் தெரியும். இன்சுலின் போடுகிறவர் இந்தத் தப்புக் கணக்கை டாக்டரிடம் சொன்னால், ஊசி, சாப்பாட்டு நேரம் எல்லாமே மாறிப்போகும். பல டிக்கெட்டுகளில் 'மொத்தப் பயண நேரம்' என்று தனியாகவே போட்டிருப்பார்கள். அதைக் காட்டி டாக்டரிடம் கேளுங்கள். இன்சுலினைக் கைப்பையில் வையுங்கள். லக்கேஜில் போட்டால் உறைந்துபோகக்கூடும்.

இணையத்தில் இரண்டு ஊர்ப் பெயரைப் போட்டுத் தூரம் பார்ப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அங்கே வருவது பூமிக்கோளத்தின் மேல் போட்ட மிகக் குறுகிய கோடு. விமானம் அந்தக் கோட்டிலேயே போவதில்லை. 2022-இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டபின் பின்லாந்தின் ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோ போகும் பயணம் ஒன்பது மணி நேரத்திலிருந்து பதின்மூன்றாக நீண்டது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியதும், டெல்லியிலிருந்து மேற்கே போனவை சுற்றிப் போக வேண்டியதாயிற்று. ஊர்கள் நகரவில்லை, நேரம்தான் கூடியது. காற்றும் ஒரு காரணம்: மேற்கே போகும்போது எதிர்க்காற்று, அதனால் லண்டனிலிருந்து திரும்பும் பயணம் பொதுவாகச் சீக்கிரம் முடியும்.

அப்புறம், தேதி. 15-ஆம் தேதி 00.40 என்று போட்டிருந்தால் 14-ஆம் தேதி ராத்திரி என்று அர்த்தம். பல வெளிநாட்டு விமானங்கள் சென்னையிலிருந்து நள்ளிரவுக்குப் பின்தான் கிளம்புகின்றன. 15-ஆம் தேதி சாயங்காலம் பெட்டி கட்டிக்கொண்டு வந்தால் விமானம் போய் பல மணி நேரம் ஆகியிருக்கும். கவுண்டரையும் பொதுவாக ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடுவார்கள். எனவே பெரியவர்களின் டிக்கெட்டில் நான் பேனாவால் பெரிதாக எழுதிக் கொடுப்பது இதுதான்: "14-ஆம் தேதி இரவு 9.30-க்கு ஏர்போர்ட்டில் இருக்கவும்."