பெயர்களை மனப்பாடம் செய்யும் டிசைன் மாணவர்களுக்கு

போன வாரமும் ஒரு மாணவரின் போர்ட்போலியோ (செய்த வேலைகளின் தொகுப்பு) வந்தது. முதல் பக்கத்தில் ஜேர்மன் டிசைனர் டீட்டர் ராம்ஸின் கறுப்பு வெள்ளைப் படம். அடுத்த பக்கத்தில் ஒரு தேயிலைப் பக்கெட்: முழுக்க வெள்ளை, நடுவில் மெல்லிய சாம்பல் நிறத்தில் ஒரே ஒரு ஆங்கிலச் சொல். நிறை இல்லை, தரம் இல்லை, தமிழும் சிங்களமும் இல்லை. மூலையில் மட்டும் சிங்க இலச்சினை. (அது இலங்கைத் தேயிலைச் சபைக்குச் சொந்தமானது. இங்கேயே பொதி செய்த, கலப்பில்லாத இலங்கைத் தேயிலைக்கு, சபையின் அனுமதியோடுதான் போடலாம்.)

ஹட்டனில் டிசைன், அச்சு வேலை செய்யும் என்னிடம் பயிற்சி கேட்டு வருகிற பிள்ளைகளில் பலர் இப்படித்தான் வருகிறார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள். அதனால்தான் கோபம் கூடுகிறது.

யாரைப் படித்தீர்கள் என்று கேட்டால் ராம்ஸ், பால் ராண்ட், விக்னெல்லி, போலா ஷேர் என்று வெளிநாட்டு டிசைனர்களின் பெயர்கள் கொட்டும். அந்த வேலையை யார் கொடுத்தார்கள், எதற்கு, எங்கே சிக்கியது என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். பிறந்த ஆண்டையும் ஒரு பொன்மொழியையும் தெரிந்துகொண்டு, அவர் பாணியை எடுத்துப் பூசிக்கொள்வதுதான் ஒரு டிசைனரைப் படிப்பது என்று யாரோ இவர்களுக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். இல்லவே இல்லை. கணக்கைப் பார்க்காமல் விடையை மட்டும் கொப்பி அடிக்கிற வேலை இது.

ராம்ஸையே எடுப்போம். 1956இல் ஜேர்மனியின் பிரவுன் (Braun) நிறுவனத்துக்காக ஹான்ஸ் குகெலோட்டும் அவரும் சேர்ந்து செய்த எஸ்கே4 ரேடியோ-ரெக்கோர்ட் பிளேயர். (சேர்ந்து! குகெலோட்டின் பெயரை ஒரு பிள்ளையும் சொன்னதில்லை.) அதன் கண்ணாடி போன்ற மூடியைக் காட்டி 'மினிமலிசம்' (தேவையில்லாததைக் கழித்து எளிமையாக்குவது) என்கிறார்கள். முதலில் யோசித்தது உலோக மூடி. சத்தத்தைக் கூட்டினால் அது அதிர்ந்தது, அதனால் அக்ரிலிக் வந்தது. சரி, உங்கள் வெள்ளைப் பக்கெட் எந்த அதிர்வை அடக்குகிறது? நம் ஊர் ஈரத்தில் தேயிலை கெடாமலிருக்க உள்ளே என்ன தாள் வைப்பீர்கள்?

விக்னெல்லியின் 1972ஆம் ஆண்டு நியூயோர்க் சுரங்க ரயில் வரைபடத்தை ஒட்டிவைக்காத போர்ட்போலியோ அபூர்வம். நிலத்தின் உண்மையான அமைப்போடு பொருந்தவில்லை என்று பயணிகள் குறை சொன்னதையும், 1979இல் அதை மாற்றியதையும் சேர்த்துப் படியுங்கள்.

இன்னொன்று. மினெட் டி சில்வா (1918–1998) கண்டியில் பிறந்து, கண்டியிலேயே அலுவலகம் வைத்து வேலை செய்த கட்டடக் கலைஞர். 1948இல் பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவனத்தில் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண். கண்டிப் பக்கத்துப் பாரம்பரியக் கைவேலையான தும்பறை நெசவை நவீன வீட்டுக்குள் கொண்டுவந்தவர். கண்டியின் வட்டாபுளுவ வீட்டுத் திட்டத்துக்கு, குடிவரப்போகிறவர்களிடமே கேள்விகள் கேட்டு வீடுகளை வரைந்தார். நம் பிள்ளைகளில் பலருக்கு இவர் பெயரே தெரியாது. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயமும் ஒரு டிசைன்தானே? ஒரு குடும்பத்துக்கு 10க்கு 12 அடியில் ஓர் அறை போதும் என்று யாரோ ஒரு தாளில் கோடு போட்டிருக்கிறார். அதில் இருக்கப்போகிறவர்களை யார் கேட்டார்கள்? டிசைன் கலாசாரம் பற்றி ஒப்படை எழுதுகிறவர்கள் முதலில் வட்டாபுளுவ வீட்டையும் லயத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதுங்கள். டிசைனுக்குப் பேர்போன இத்தாலியின் மிலான் எங்கேயும் போகாது.

ஒரு தவணைக்கு ஒரே ஒரு டிசைனர் போதும். அவருடைய ஒரு வேலையை உண்மையான அளவில் கையால் திரும்ப வரையுங்கள். பணம் கொடுத்தவர் யார், கூட வேலை செய்தவர் யார், யார் திட்டினார்கள் என்று தேடுங்கள். எங்கே, எப்போது சொன்னது என்று தெரியாத பொன்மொழியை ஒட்டாதீர்கள்.

அப்புறம், தயவுசெய்து ஒரு பக்கமாவது தமிழில் செய்து பாருங்கள். நீங்கள் விரும்பும் ஆங்கில எழுத்துருவான ஹெல்வெட்டிக்காவில் தமிழ் எழுத்து கிடையாது. ஆங்கிலத்துக்குப் போட்ட வரி இடைவெளியில் நம் கி, கீயின் மேல்விலங்கும் சுழியும் மேல்வரியில் போய் முட்டும். அதை நீங்களே சரிசெய்ய வேண்டும், ராம்ஸ் வரமாட்டார். எனக்கு அனுப்புவதானால் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்ததை, எந்தக் கணினியிலும் படிக்கக்கூடிய யூனிகோடுக்கு மாற்றிவிட்டு அனுப்புங்கள்.